முகம் பதியவில்லை

முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது. ஷீபா வீங்கிய இடது கண்ணை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு அதன் முன் நின்றாள்.

"கைய எடும்மா. மூஞ்ச மறச்சிக்கினு நின்னா எப்பிடி எடுக்கும்?" என்றார் ஷூ கம்பெனி வாசல் காவலர் சுப்பிரமணி. அவர் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன்களிலிருந்து இறங்கிய பெண்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். "இன்னாடி, கல்யாண போட்டாவா புடிக்கிற? நவுரு" என்று ஒருத்தி கத்தினாள். சிரிப்பு எழுந்தது. காவாந்தண்டலத்திலிருந்து ஷீபாவோடு வரும் பவளம் திரும்பி முறைத்தாள்.

முகம் பதிந்தால்தான் ஷீபாவின் புருஷன் பீட்டருடைய போனுக்கு அவள் வேலைக்கு வந்துவிட்டதாகச் செய்தி போகும். வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் போன் இல்லை. இப்போதும் வாங்க விடவில்லை. அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். தினமும் அந்தச் செய்திக்காக அவன் காத்திருப்பான். வரவில்லையென்றால் அவள் வேறு எவனோடோ போய்விட்டாள் என்று அர்த்தம். நேற்று ஓவர்டைம் முடிந்து வேன் தாமதமானதற்குத்தான் இந்தக் கண்.

பவளம் முந்தானையை நனைத்து ஒற்றிவிட்டாள். மீண்டும் சிவப்பு.

"நான் கையால எழுதிக்கிறேன், உள்ள போ. சம்பளம் புடிக்க மாட்டாங்க" என்றார் சுப்பிரமணி.

"சம்பளத்துக்கு இல்லண்ணா. அவருக்கு மெசேஜ் போவணும்."

"அட, இதுக்கா இப்பிடி நடுங்குற?"

சுப்பிரமணி நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே இருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். வேண்டாம் என்று சொல்ல ஷீபா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"அலோ, பீட்டருங்களா? உங்க வூட்டம்மா இங்க என்னாண்டதான் கீது. ஒண்ணும் பயப்படாதீங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். வெகுநேரம் கழித்து மறுமுனையில் ஒரே ஒரு சொல் கேட்டது.

"வராராம்" என்றார் சிரித்தபடி. "பாவம், பயந்துட்டாரு போல."

பவளம் ஷீபாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஷீபா அவளையும் இழுத்துக்கொண்டு மெஷினைக் கடந்து உள்ளே வந்தாள்.

"அண்ணா, கேட்ட சாத்து."

"ஆளுங்க வந்துக்கினு கீறாங்களேம்மா."

"சாத்துண்ணா. அவரு வந்தா உள்ள வுடாத."

இதுவரை யாரிடமும் அவள் சொல்லாத பேச்சு. சுப்பிரமணி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. வெளியே நின்றவர்களைச் சீக்கிரம் உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார்.

சாலையில் ஒரு பைக் சத்தம். இவ்வளவு சீக்கிரம் அவனால் வர முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பவளத்தின் பின்னால் அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.