கட்டில் சத்தம்

பேரிங் தேய்ந்த சத்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடம் லாரி பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன். வண்டி வாசலில் திரும்பும்போதே எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இப்படி ஒரு காரியம் செய்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஜாக்கி நழுவி வண்டி என் முதுகில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அன்றிலிருந்து என்னைத் தூக்குவது என் மனைவி. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, திரும்பக் கட்டில். வலது தோளை என் அக்குளில் கொடுத்து, முதுகைச் சுற்றிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்பாள். மூன்று சொல்ல மூச்சு இருக்காது. நான் எண்பத்திரண்டு கிலோ. அப்போது என் காது அவள் தோளில்தான் கிடக்கும்.

அந்தத் தோள் பாதி இரும்பு. ஏழு வருடத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து நொறுங்கியதில், கை எலும்பின் உருண்டையை எடுத்துவிட்டு உலோக உருண்டை வைத்தார்கள். அது சுழல்கிற கிண்ணம் அவளுடைய சொந்த எலும்பு. "இரும்பு எலும்பைத் தேய்க்கும்மா, வருஷா வருஷம் வந்து எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வருடம் ஒழுங்காகப் போனாள். பிறகு நான் விழுந்தேன். என்னைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவாள்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், தூக்கும்போது என் காதுக்குள் கரகரவென்றது. மணல் விழுந்த பேரிங். அவள் தோளுக்குள்ளிருந்துதான் வந்தது.

அவளும் நின்றாள். "என்னங்க, ஏதோ சத்தம் கேட்டுச்சா?"

"கட்டில்தான். போல்ட் லூசாயிருக்கு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"நல்லவேளை. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று என் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்தாள். எட்டு போல்ட்டையும் அந்தக் கையாலேயே முடுக்கினாள். நான் மகாராஜா மாதிரி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாவி நான்.

அதன்பிறகு நாற்காலியில் கேட்டால் நாற்காலி என்றேன். மறைப்பானேன், என் பயம் இதுதான். அவள் ஆபரேஷனுக்குப் படுத்தால் என்னை ஏதாவது காப்பகத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். யார் யாரோ புரட்டிப் போடுவார்கள். திரும்ப அழைத்துவர அவளுக்குத் தெம்பு இருக்குமோ, இருக்காதோ. அதற்குப் பயந்து தினமும் ஐந்தாறு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வண்டி என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட விட்டிருக்க மாட்டேன்.

போன வாரம் அவளால் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. என்னையும் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். உருண்டை கிண்ணத்தைத் தின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

"முன்னாடியே வந்திருந்தா புதுக் கிண்ணம் ஒண்ணு வெச்சு முடிச்சிருக்கலாம். இப்ப அதைப் பொருத்த எலும்பே பத்தல. வேற இடத்துலேருந்து எலும்பு எடுத்து வைக்கணும். கை பழையபடி வருமான்னு உறுதி சொல்ல முடியாது. சத்தம் ஏதும் கேக்கலையா?"

"இல்ல டாக்டர். கட்டில்தான் ரெண்டு வருஷமா கரகரன்னுது" என்றாள், அவ்வளவு நம்பிக்கையாக. "வலி உண்டு. இவரைத் தூக்குற வலின்னு விட்டுட்டேன்."

"கட்டில் இல்ல, உன் தோள்தான்" என்றேன். "எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ போல்ட் முடுக்கின அன்னிக்கே."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு தேறுற வரைக்கும் இவரை வெச்சுப் பாத்துக்குற இடம் ஏதாவது இருக்கா டாக்டர்?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா."

"எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கணும்" என்றாள், என்னைப் பார்க்காமல். "தினமும் நடந்து வந்து, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி இவரை நாலு கேள்வி கேக்கணும்."

கேட்கட்டும். நாலு என்ன, நாற்பது கேட்கட்டும். ஆபரேஷன் முடிந்து அவள் நல்லபடியாக நடந்து வர வேண்டுமே என்றுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.