இடம்பெயரச் சொல்லுறாங்கள்

தாட்சாயினி அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் விமலேஸ்வரி உலையைப் பார்த்தபடியே கதை கேட்டிருப்பாள்.

"அம்மா, இஞ்ச எங்களை இடம்பெயரச் சொல்லுறாங்கள்."

வீட்டை விட்டு உடனே வெளியேறு என்று யாராவது சொன்னால், அதற்கு மகள் வளர்ந்த வன்னி உடையார்கட்டில் வேறு சொல் கிடையாது. தொலைபேசியின் அந்தப் பக்கம் இருந்தது றேகன்ஸ்பூர்க். ஜேர்மனியில், ஆற்றங்கரையில் இருக்கும் மிகப் பழைய நகரம். இரசாயனம் படிக்க மகள் அங்கே போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது.

அந்த இரண்டு வருடத்தில் மகளின் நாளை விமலேஸ்வரி மனப்பாடமாக்கி வைத்திருந்தாள். எழும்பினால் பால்மா போட்ட தேத்தண்ணி. பிறகு கல்லால் கட்டிய பழைய பாலத்தை நடந்து கடந்து, அக்கரையில் பல்கலைக்கழகத்துக்குப் பஸ். விடுதியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குசினி. தூள் போட்டுக் கறி வைத்தால் கூரையில் மணி அலறும். அதனால் பனி கொட்டினாலும் யன்னலைத் திறந்துவிட்டுத்தான் சமையல். ஒருநாள் ரோமர் காலத்து மதிலொன்றை மகள் வீடியோவில் காட்டினாள். "உதை இவ்வளவு காலமும் ஒருத்தரும் உடைக்கேல்லையோ?" என்று தாய் கேட்டதைச் சொல்லிச் சொல்லி விடுதியே சிரித்ததாம்.

இன்றைய நாள் மட்டும் வேறு. இன்று வாய்மொழிச் சோதனை. இதே பாடத்தில் மகள் இரண்டு தடவை தவறிவிட்டாள். இந்த முறையும் தவறினால், அல்லது நேரத்துக்குப் போகாவிட்டால், படிப்பு அவ்வளவுதான். விசாவும் அதோடு போய்விடும்.

"ஆர் சொன்னது?" என்றாள் விமலேஸ்வரி.

"பொலிசம்மா. விடுதிக்குப் பக்கத்தில கட்டடத்துக்குக் கிண்டேக்க குண்டொண்டு வந்திருக்கு. பழைய சண்டைக் குண்டாம். அதைச் செயலிழக்கச் செய்யுமட்டும் எல்லாரும் வெளிக்கிட வேணும்."

பக்கத்து வளவிலிருந்து தேங்காய் துருவ வந்திருந்த கமலாசனி தலையை நிமிர்த்தினாள். விமலேஸ்வரியின் புருசனுக்கு அக்கா அவள். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாம் அவளுக்கும் கேட்டது.

"ஆர் போட்ட குண்டாம், கேள்."

"அமெரிக்கன் போட்டதாம் மாமி. எண்பது வருசத்துக்கு முந்தி."

"எண்பது வருசமாச் சும்மா கிடந்ததோ? எங்கட பக்கமெண்டா ஒரு மாடாவது மிதிச்சிருக்கும்."

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. "தாட்சா, சொல்லுறதைக் கேள். பாஸ்போட், சேட்டிபிக்கற் எல்லாம் உடம்போட இருக்க வேணும். பிறகு உடுப்பு, கம்பளி. பிறகு சட்டி, சோத்துக் குக்கர். ஒண்டையும் விடாத."

"மற்றப் பிள்ளையள் சின்னப் பையோட போகுதுகள் அம்மா. பின்னேரம் திரும்பி வரலாமாம்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

கடைசிச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. தகப்பனின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு போனபோது மகளுக்கு ஆறு வயது. இரண்டு நாளில் வரலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்கள். பாதை திறந்து வந்து பார்த்தபோது அந்தத் திறப்புக்குக் கதவே இருக்கவில்லை. தையல் மிசினும் போனது, கலியாணச் சேலையும் போனது. அதன் பிறகு விமலேஸ்வரி எங்கே போனாலும் நாலு நாளுக்குரிய உடுப்போடுதான் போவாள், கிட்டவுள்ள பரந்தனுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனாலும்கூட.

மகள் அடுக்கினாள். தாய் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல இரண்டு பெட்டியும் வீங்கின. பொலிஸ்காரி கதவில் தட்டினாள், ஏதோ சொன்னாள், மகள் ஏதோ சொன்னாள். பிறகு படிகளில் பெட்டி இடித்து இடித்து இறங்கும் சத்தம். பிறகு கல் பதித்த தெருவில் சில்லு கடகடக்கும் சத்தம். அது நின்றது.

"என்ன நடந்தது?"

"சில்லொண்டு கல்லுக்க இறுகி உடைஞ்சு போச்சம்மா."

"தூக்கிக்கொண்டு நட."

"தூக்கேலாது. அம்மா, பாலத்தைப் பூட்டப் போறாங்களாம். நான் இன்னும் இந்தப் பக்கம் நிக்கிறன். சோதினை அங்கால."

மகளின் மூச்சு தொலைபேசியில் இரைந்தது. அழுகிறாள் என்று இருவருக்கும் விளங்கியது.

கமலாசனி துருவலைத் தள்ளி வைத்தாள். "எடியே விமலா, பிள்ளை சோதினைக்குப் போறதோ, சட்டி பானையோட அலையிறதோ?"

"விட்டா விட்டதுதான் மச்சாள். உங்களுக்கு விளங்காது."

"ஏன் விளங்காது? உனக்குப் பின்னால நடந்தது ஆர், நானெல்லோ?"

போட்டிட்டு வா, போட்டிட்டு வா என்று அன்று இடம்பெயர்ந்து நடந்த தெருவெல்லாம் கத்தியிருந்தார்கள். ஆட்டை, மூட்டையை, வண்டிலை விட்டுவிட்டு வரச் சொல்லி. சிலபேர் ஆட்களையும் போட்டுவிட்டு வந்தார்கள். அங்கிருந்து வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை விமலேஸ்வரி யாரிடமும் சொன்னதில்லை.

"அம்மா? நிக்கிறீங்களோ?"

"தாட்சா..."

"என்னம்மா?"

"போட்டிட்டுப் போ."

"என்ன?"

"பெட்டியளைப் போட்டிட்டு ஓடு பிள்ளை! பாஸ்போட்டும் நீயும் போதும். ஓடு!"

பெட்டி விழுந்த சத்தம் கேட்டதோ இல்லையோ, தொடர்பு அறுந்தது.

அதன் பிறகு அழைத்தால் ஒலித்துக்கொண்டே இருந்தது. சோற்றைக் கமலாசனிதான் வடித்தாள். அடி பிடித்துவிட்டது. வயலால் வந்த புருசன் இளையதம்பி விசயத்தைக் கேட்டு, கால் கழுவாமலே கதிரையில் குந்தினார். "பாலத்தால போயிருப்பாளோ?" என்று ஒருதடவை கேட்டார். மூன்று பேரும் மேசையில் கிடந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழிகள் அடையும் நேரத்தில்தான் அது ஒலித்தது.

"அம்மா, பாஸ்!"

"குண்டு?"

"எடுத்திட்டாங்கள். கடைசி ஆளா ஓடிப் பாலத்தைக் கடந்தனான். அம்மா, பாஸ் எண்டு சொல்லுறன்."

"அங்க இருந்த சனமெல்லாம் திரும்பி வந்திட்டினமோ?"

"வந்திட்டினம். நானும் அறையிலதான் நிக்கிறன்."

"எல்லாரும்?"

"எல்லாரும் அம்மா."

"ஒருத்தரும் குறையேல்லையோ?"

"ஒருத்தரும் குறையேல்லை."

கமலாசனிக்குப் பொறுக்கவில்லை. "அவள் பாஸாம் எண்டு கத்துறாள், நீ ஆக்களை எண்ணிக்கொண்டு நிக்கிறாய்!"

அப்போதுதான் விமலேஸ்வரி நிலத்தில் குந்தினாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சரி, இப்ப சொல்லு," என்றாள். "சோதினையில முதல்ல என்ன கேட்டவை?"