வெள்ளையம்மா சொன்னது

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் ஆயா. பெயர் காளியம்மா. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்குப் பிறவியிலேயே காதும் கேட்காது, பேச்சும் வராது. ஊருக்கெல்லாம் அவள் ஊமைச்சி. எனக்கு அப்படியில்லை. அவள் கையால் பேசுவாள், நான் வாயால் பேசுவேன், இருவரும் பொழுதுக்கும் சண்டை போடுவோம்.

ஏழாம் மாதத்திலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுத்தான். வலது கையை விலாவில் வைப்பாள், இடது கையை அடிவயிற்றில் வைப்பாள், பிறகு இரண்டு விரலைக் காட்டுவாள். மேலே ஒன்று உதைக்கிறதாம், கீழே ஒன்று உதைக்கிறதாம். காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸர் ஜெயபாலனிடம் சொன்னேன். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் இந்த மகானுடைய ராஜ்ஜியம்.

"ஊமை கண்ட கனவுக்கு நீ பலன் சொல்றியா? போ, சுடுதண்ணி வை" என்றார்.

வலி கண்ட அன்று விடிந்ததிலிருந்தே மழை. பதினொரு மணிக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. டிரஸர் கொடியை அறுத்தார். நஞ்சுக்கொடி இறங்கவில்லை என்று வயிற்றை முழுப் பலத்தோடு அமுக்கினார். வெள்ளையம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள்.

"கையை ஓங்குறா பாரு! கட்டு இவளை."

"ஐயா, அது அடிக்கலிங்க. இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொல்லுதுங்க."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். காயத்துக்குக் கட்டும் துணியை எடுத்து, அவள் மணிக்கட்டுகளைக் கட்டில் கம்பியோடு நானே கட்டினேன். என் கை விளங்காமல் போக. "நான் வர்ற வரைக்கும் அவுக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

கட்டிய பிறகும் அவள் விரல்கள் ஓயவில்லை. அவிழ்த்துவிடு, உட்கார வை, வருகிறது. எல்லாம் எனக்குப் புரிந்தது. பயம். குழந்தையைத் துடைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கட்டில் தடதடவென்று ஆடியது. திரும்பினால், இரண்டு சின்னக் கால்கள் வெளியே வந்திருந்தன. அவளை எழுப்பி உட்காரவைக்கலாம் என்றால் முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்தும் வரவில்லை. மழையில் ஓடி டிரஸரைக் கூட்டிவந்தேன். அவர் இழுத்தார். பையன். நீலம் பாரித்திருந்தான், அழவே இல்லை.

டிரஸர் முகம் செத்துப்போனது. பதிவுப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, எனக்குத் தமிழில் சொன்னார்.

"ரெண்டாவது பிள்ளை இருக்குறதைத் தாய் தெரிவிக்கலை. தாய் ஊமைன்னு போட்டிருக்கேன். சாட்சிக்குக் கைநாட்டு வை, காளியம்மா."

வெள்ளையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. நான் கட்டைவிரலை மையில் தோய்த்து அமுக்கினேன்.