கம்ப்யூட்டர் ரூம் கதவு

தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த நாடிக்கட்டு நெகிழ்ந்து, இறந்துகிடந்த முத்துப்பாண்டியின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவர் தம்பி மொக்கைச்சாமி குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

"தலையப் பிடிங்க மதினி."

தாமரைச்செல்வி இரண்டு கைகளாலும் கணவரின் தலையைத் தாங்கிக்கொண்டாள். நேற்று காலையில் இதே தலையைத் தூக்கித் தலையணை வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். "இன்னைக்காச்சும் அந்த எலி ஒன் கைக்குள்ள அடங்குமா டீச்சர்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் மவுஸைத்தான் அப்படிச் சொல்வார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வேனில் வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில், தம்பியைப் பார்த்துக்கொள்ள முன்பே வந்து இந்த வீட்டில் தங்கியிருந்த முத்துப்பாண்டியின் அக்கா பாண்டியம்மாள். அவள் குரல்தான் ஓங்கி நின்றது.

"ஊரான் புள்ளைக்கு எழுத்துச் சொன்ன மகராசிக்கு
எம்பெறப்பு கூப்பிட்ட சத்தம் எட்டலையே..."

மற்றவர்கள் அந்த அடியை வாங்கிக்கொண்டார்கள். ஒப்பாரியில் வைத்துச் சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. தாமரைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளையில்லாத வீட்டில் 'ஊரான் பிள்ளை' என்ற சொல்லுக்குக் கூடுதலாக ஒரு முனை உண்டு.

நேற்று அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியதும் பாண்டியம்மாள்தான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். அதன்பிறகு முத்துப்பாண்டி வாசலையே பார்த்தபடி, "டீச்சர் வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது உள்ளே அழுகைச் சத்தம் தொடங்கியிருந்தது.

முடிச்சை இறுக்கிவிட்டு மொக்கைச்சாமி தணிந்த குரலில் கேட்டார்.

"அக்கா போன் போட்டது எப்ப, நீங்க வந்தது எப்ப? காளவாசல் ஸ்கூல்ல இருந்து கே.கே. நகர் வீட்டுக்கு ஆட்டோவுல எம்புட்டு நேரம் ஆயிரும்? போன எடுத்தவன் எவன்னு மட்டும் சொல்லுங்க மதினி. சேதிய மென்னு முழுங்கின பயல நான் பாத்துக்கிறேன்."

"அப்புறம் பேசுவோம் தம்பி."

பேச அவளுக்குத் தெம்பில்லை. அவளுக்கும் தெரியாது. பெல் அடித்து, கம்ப்யூட்டர் ரூமை விட்டு வெளியே வந்தபோது அட்டெண்டர் விருமாண்டி வாசலில் நின்றிருந்தார். "வீட்டுலருந்து போன் டீச்சர்" என்றார். அவள் ஓடினாள். அவ்வளவுதான்.

பத்து மணி வாக்கில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாலையைச் சுமந்து வந்த விருமாண்டி அதைப் போட்டுவிட்டு, அவள் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனதும் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர்."

"காப்பி குடிச்சீங்களாண்ணே?"

"போன் வந்த ஒடனே ஓடியாந்துட்டேன் டீச்சர். செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் கதவுகிட்ட வந்துட்டேன்."

அவளுக்குப் புரிந்தது. போன மாதம் ஏதோ சர்க்குலரோடு அவர் அந்தக் கதவைத் திறந்ததற்கு, கம்ப்யூட்டர் சார் பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டிருந்தான். இருபத்திரண்டு வயதுப் பையன். ஏசி வெளியே போகிறதாம், தூசி உள்ளே வருகிறதாம்.

"பெல் அடிக்கட்டும்னு நின்னுட்டீங்களாக்கும்."

"மொதல்ல அப்படித்தான் நின்னேன். பொறவு மனசு கேக்கல. தட்டுவோம்னு கையத் தூக்கிட்டேன். கண்ணாடி வழியாப் பாத்தா, நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க டீச்சர்."

அவள் நிமிர்ந்தாள்.

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சீங்க. நாம் பாக்க நீங்க அப்படிச் சிரிச்சதே இல்ல. அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனதுலருந்து மொகமே இல்ல ஒங்களுக்கு. செத்த நேரம் சிரிச்சுட்டு வரட்டும்னு நின்னுட்டேன். இப்படி ஆகும்னு தெரியாது டீச்சர்."

குழாய் திறந்தபடி இருந்தது. அவள் மூடினாள்.

இத்தனை வருடங்களில் அவள் பாடம் நடத்திய எந்த வகுப்புக்கும் மூடுகிற கதவு இருந்ததில்லை. தூக்குவாளியோடு வருகிற அம்மாக்கள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாடம் நின்று, பிறகு தொடரும். ரேடியோ வந்தது, டிவி வந்தது, சுவரில் படம் காட்டும் பெட்டி ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஒரு வருடத்தில் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான் போகும் என்று நினைத்தாள். போகவில்லை. இந்த வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படிக்க வைத்துவிட்டது. எரிச்சலோடுதான் போனாள். ஆனால் அந்தக் குளிர்ந்த அறையில் மருந்து வாடை இல்லை. யாரும் அவளைக் கூப்பிட முடியாது. கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கும் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று வட்டம் வரைய வேண்டியிருந்தது. கரும்பலகையில் கையை ஒரே வீச்சாகச் சுழற்றி அவள் போடும் வட்டத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பேர் உண்டு. திரையில் அது நீண்டு கோணிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு வாயாடி, "ஐயோ, டீச்சரே முட்டை போட்டுட்டாங்கடி!" என்று கத்தினாள். எத்தனை பிள்ளைகளின் கணக்குப் பேப்பரில் முட்டை போட்ட கை அது! அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்த மனமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒங்க கொழுந்தனார்ட்ட நானே சொல்லிப்புடுறேன் டீச்சர். நீங்க ஏன் பேச்சு வாங்கணும்?"

"எதைச் சொல்லுவீங்க?"

"நடந்தத."

அதற்குள் மொக்கைச்சாமி கொல்லை வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பாண்டியம்மாள், அழுது வீங்கிய முகத்தோடு.

"இவரு ஸ்கூலுதான? அண்ணே, நேத்து போன எடுத்தது யாரு?"

விருமாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். வாயைத் திறந்தார்.

"சேதி ஒடனே வந்துருச்சு தம்பி" என்றாள் தாமரைச்செல்வி. "பாடம் பாதியில இருந்துச்சு. முடிச்சிட்டுப் போவோம்னு நாந்தான் இருந்துட்டேன்."

அவள் குரல் வகுப்பில் பேசுவதுபோல் தெளிவாக இருந்தது. விருமாண்டி அவளையே பார்த்தார். அவள் பார்க்கவில்லை. மொக்கைச்சாமி திரும்பி நடந்தார்.

"கேட்டியாடா? பாடமாம்!" என்றாள் பாண்டியம்மாள். "ஏன்டி, கல்லாடி நீயி?"

அதன்பின், பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் வந்தார்கள். தாமரைச்செல்வியின் அண்ணன் அவளுக்குக் கோடி போர்த்தினார். பிறந்த வீட்டுச் சேலை மொடமொடவென்று தோளில் நிற்காமல் சரிந்தது. பாடையைத் தூக்கினார்கள். கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவளைக் கொல்லையில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாண்டியம்மாள் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் குடத்தை ஊற்றினாள். சீயக்காயைக் கரைத்துத் தலையில் அப்பினாள். விரல்கள் முரட்டுத்தனமாகத் தேய்த்தன. பிறகு மெல்லத் தணிந்தன.

"கண்ண மூடிக்க. எரியும்" என்றாள்.

தாமரைச்செல்வி மூடிக்கொண்டாள். அடுத்த குடம் தலையில் விழுந்தது.