மருதாள் அம்பு ஒட்டிய கதை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் காம்பவுண்டின் மாடி வீட்டில் குடியிருக்கும் லிங்கசாமி, டீக்கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன சங்கதி இது. கேட்டேன், சிரித்தேன், வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி சாயப்பட்டறையை விட்டே வெளியே வந்திருக்காது. 'சரக்கு கிளம்பிக்கொண்டே இருக்கிறது' என்று வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் தட்டிவிடுவது என் பிழைப்பு. ஆகவே கற்பனைக்குக் குறைவில்லை.

எழுதியதை லிங்கசாமியின் மனைவி மருதாளிடம் படிக்கக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டது. மருதாள் செக்கிங் சூப்பர்வைசர். செக்கிங் மேசையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து வந்த பனியனை விரித்துப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் நகமளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். அம்பு விழுந்த பீஸ் ஆல்டருக்குப் போய், பிரித்துச் சரிசெய்யப்பட்டு, மறுபடி மேசைக்கு வரும்.

என் கதையையும் அப்படித்தான் படித்திருக்கிறாள். தாள்கள் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு. போதாதென்று, வாசலில் நின்று ஒவ்வொரு அம்புக்கும் விளக்கம் வேறு. அவற்றை நீக்க மனமில்லாமல் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

'மேகங்கள் மலையின் தோளில் தலைசாய்த்து உறங்க, தேயிலைத் தோட்டங்களின் மடியில் அந்தச் சிற்றூர்...'

[அம்பு: "நாங்க போனப்ப மேகமே இல்லீங்ணா. சுள்ளுன்னு வெயிலு. பாக்காத ஊரப் பத்தி இப்புடியா எழுதுவாங்க?"]

சரி. இரண்டாவது தொடக்கம்:

லிங்கசாமிக்கு மூச்சு இழுத்தது. நிட்டிங் மெஷின் ஃபிட்டர் அவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பஞ்சுத் தூசியில் நின்றவர். கொஞ்ச நாளாகப் படியேறினாலே நெஞ்சுக்குள் விசில் கேட்டது. இந்தத் தூசியை விட்டு விலகாவிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துக் காசிமாயனிடமிருந்து போன் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். லிங்கசாமியிடம் தொழில் பழகியவன். இப்போது மலைமேல் ஒரு சின்ன ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணே, பேசாம மேல வந்துருங்கண்ணே. கடைக்கு ஒரு ஆளு வேணும். வீடு கூடப் பாத்து வச்சிருக்கேன், ராமுத்தாயம்மா வீடு."

அன்றைக்கே லிங்கசாமியின் பாதி உயிர் மலையேறிவிட்டது. ஒரு குரங்குக் குல்லாய் வாங்கி, நெருப்பெரிச்சலின் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார். காம்பவுண்டுக் குழந்தைகள் பயந்து ஓடின. ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் கிளம்பிவிடுவீர்கள், அப்புறம் அதுவும் திருப்பூர் ஆகிவிடும்.

[அம்பு: "குல்லா அவரு வாங்குலீங்ணா, நாந்தான் வாங்கியாந்தேன். அத மாத்தீருங்க."]

மாற்றவில்லை. கணவர் வாங்கினால்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் மலையேறுவதற்கு முதலில் குல்லாய் வாங்கியவளே அவள்தான் என்பது அவள் போன பிறகே எனக்கு உறைத்தது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் போய், அங்கே மலை பஸ் பிடித்தார்கள். வீட்டுக்காரி ராமுத்தாய், தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவள். வீடு இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் கேரட் காடு. லிங்கசாமி நேராகப் பின்பக்கம் போய் நின்று, யாராவது வந்து பறித்துவிடுவார்களோ என்பதுபோல் காற்றை இழுத்து இழுத்து விட்டார்.

ராமுத்தாய் டீ போட அடுப்படிக்குப் போனாள். மருதாள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கைப்பையில் ஸ்டிக்கர் சுருள் எப்போதும் இருக்கும். கை பாட்டுக்கு அதை எடுத்தது. ஓதம் ஏறிய சுவரில் ஒன்று. தளர்ந்த கதவுக் கீலில் ஒன்று. விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி, வாட்டம் தப்பிய தரை, பல்லிளித்த ஸ்விட்ச் பெட்டி என்று, என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல் ஒட்டிக்கொண்டு போனாள்.

டம்ளர்களோடு வந்த ராமுத்தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு என்ன அம்மையா போட்ருக்கு?"

மருதாளுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, கைவாக்குல ஒட்டிப்போட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

"இரு, இரு. எடுக்காத. இது எதுக்கு ஒட்டுன?"

"அங்க ஓதம் ஏறியிருக்குதுங்க."

"அது?"

"கீலு ஆடுதுங்க."

ராமுத்தாய் கோபப்படவில்லை. டீ ஆறினாலும் பரவாயில்லை என்று அம்பு அம்பாகப் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் லிங்கசாமி உள்ளே நுழைந்தார். சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவர் வாயைத் திறக்கப் பல கொண்டை ஊசி வளைவுகள் ஆயின.

"வேண்டாம்னா வேண்டாம்னு வாயில சொல்லீருக்கலாமல்ல, புள்ள. ஊடு பூராம் அம்பு ஒட்டித்தான் சொல்லோணுமா?"

"நான் எங்கீங்க வேண்டாம்னு சொன்னேன்?"

மனுஷன் அந்தக் கோபத்தை டீக்கடையில் நகைச்சுவையாக மாற்றித்தான் ஆற்றிக்கொண்டார். அதுதான் என் காதுக்கு வந்தது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். ஒருத்தி தன்னை அறியாமல் வீடு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுவாளா?

ஒட்டலாம் என்றுதான் நினைத்தேன். கல்யாண வீட்டில் வணக்கம் சொல்ல வருகிறவரின் கழுத்துப்பட்டையில் என்ன லேபிள் இருக்கிறது என்று பார்ப்பவன் நான். கொஞ்சுவதற்காகத் தூக்கிய குழந்தையின் சட்டையைத் திருப்பி ஓவர்லாக் தையலைப் பார்க்கிறவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. தொழில் கையோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனாலும் கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே. மருதாள் பிசிறு வெட்டுகிற பெண்ணாகக் கம்பெனிக்குள் நுழைந்தவள். இப்போது குவாலிட்டி இன்சார்ஜ் பதவி அவளுக்குத்தான் என்று பேச்சு. கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை. அவள் தலையசைத்தால்தான் ஏற்றுமதிப் பெட்டி மூடப்படும். மலைமேல் பனியன் கம்பெனி ஏது? அங்கே போனால் அவள் காசிமாயன் கடை ஃபிட்டரின் மனைவி, அவ்வளவே. அதனால் இப்படி எழுதினேன்:

'ஒரு நாற்காலிக்காகக் கணவனின் மூச்சையே மருதாள்...'

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்காததற்கே அதன்மேல் வரிசையாக அம்புகள்.

[எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னவள், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.]

5

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

முதலாவதில், இருவரும் மலையேறுகிறார்கள். மருதாள் அங்கே ஒரு ஸ்வெட்டர் ரிப்பேர் கடை திறக்கிறாள். ஊரே வரிசையில் நிற்கிறது.

[அம்பு: "ஸ்வெட்டரு உல்லனுங்ணா. எனக்குக் காட்டன்தான் தெரியும்."]

அடுத்ததில், யாரும் எங்கும் போகவில்லை. லிங்கசாமி மெஷினை விட்டு ஒரு ஏ.டி.எம்.முக்குக் காவலாளியாகிறார்.

[அம்பு: "அவரா? நின்னுக்கிட்டே தூங்கற ஆளுங்ணா. கதவையே கழட்டிட்டுப் போயிருவானுங்க."]

இன்னொன்றில், அவர் மேலே, இவள் கீழே. சனிக்கிழமை மாலை மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள், புதுக் காதலர்கள்போல. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

[அம்பு: "இத நான் முன்னயே நெனச்சுப் பாத்துட்டனுங்ணா. அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. எனக்கு அவரு இல்லாம..." அவளும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாள்.]

6

நேற்றுச் சாயங்காலம் மருதாள் கீழே இறங்கி வந்தாள். வழக்கமாக வாசலோடு பேசுகிறவள், உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"கதைய முடிச்சுட்டீங்களாணா?"

"இல்லை."

"ராமுத்தாயம்மா போன் பண்ணுச்சுங்ணா. கொத்தனார வரச்சொல்லிச் செவுத்தப் பூசிருச்சாமா. கீலு புதுசு, கண்ணாடி புதுசு. நான் ஒட்டுன எடம் ஒண்ணு பாக்கியில்லாமச் சரி பண்ணிருச்சாமா. வர்ற ஞாயித்துக்கெழமை வந்து, பாத்துட்டுச் சொல்லுங்குது."

"நல்லதுதானே மருதாள்!" என்றேன். நான் சொன்னது தப்பு என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"கைவாக்குல ஒட்டுனேன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்குத்தானுங்ணா நான் மொத அம்பு ஒட்டியிருக்கோணும். தெரிஞ்சேதான் ஒட்டுனேன். அந்த ஊட்டுக்குள்ள நிக்கறேன், அவரு பொறத்தால நிக்கறாரு, மூச்சுச் சத்தமே கேக்குல. ஆளு இருக்கறாரா இல்லியான்னு எட்டிப் பாத்தேன். எத்தன வருசமாச்சு அவரு அப்புடி நின்னு! சந்தோசப்படறதுக்குப் பதிலா எனக்குப் பயம் வந்துருச்சுங்ணா. ஊட்ல ஒரு கொறையும் இல்லைன்னா, நான் வரமாட்டேன்னு என்னத்தச் சொல்லி நிப்பேன்? அதான் தேடித் தேடி ஒட்டுனேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"இனி அந்த ஊட்ல ஒட்டறதுக்கு எடமில்லீங்ணா. கம்பெனியில அந்த இன்சார்ஜ் வேல, திங்கக்கெழமை சேந்துக்கச் சொல்லீட்டாங்க. அவருகிட்ட ரெண்டையும் இன்னம் சொல்லுல. நீங்க எழுதறவரு. சொல்லுங்க, மருதாள் போறாளா, இல்லியா?"

வெளிநாட்டுக்காரனுக்குக் கை கூசாமல் பொய் எழுதுகிற நான், எதிரே அவள் உட்கார்ந்திருக்க, அந்த மூன்று முடிவுகளையும் தாளோடு மடித்துவைத்தேன். போ என்று சொல்ல நான் யார்? போகாதே என்று சொல்ல எந்த நாக்குக்குத் துணிவு வரும்? எனக்கு அவள்மேல் அவ்வளவு பாசம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மாடியில் லிங்கசாமி இரும ஆரம்பித்தார். மருதாள் எழுந்து, படியேறிப் போனாள்.

இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதைக் கொண்டுபோய் அவளிடம் நீங்களேதான் கொடுக்க வேண்டும், அவள் படித்து முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டும்.