கடைசி பெஞ்சில் டம்மி

எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று மாணவர்களுக்குத் திட்டம் போட்டுத் தரும் இணையச் செயலி ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்தோம். திரைகளை வடிவமைத்தது நான். சோதித்துப் பார்க்க ஒரு மாணவன் தேவைப்பட்டான். மார்க்குகளைக் கற்பனை செய்யச் சோம்பல். அதே பல்கலைக்கழகத்தில் நான் பாதியில் விட்ட படிப்பின் விவரங்களை அப்படியே கொட்டினேன். பெயர், டம்மி. படம் இருக்க வேண்டிய இடத்தில் முகமில்லாத ஒரு சாம்பல் நிறத் தலை.

செயலி வெளியாகி, வகுப்புகளும் தொடங்கிய பிறகு தங்கச்சி போன் செய்தாள். அங்கேதான் கடைசி வருடம் படிக்கிறாள்.

"அண்ணா, உன் ஆப் என்னை வச்சு செய்யுது. லேப் வகுப்புல எனக்கு இடமில்லையாம்."

"நிரம்பியிருக்கும்."

"கடைசி சீட்டைப் பிடிச்சது யார் தெரியுமா? டம்மின்னு ஒருத்தன். வெள்ளிக்கிழமைக்குள்ள சேரலைன்னா இன்னொரு வருஷம் உக்காரணும். கிடைச்ச வேலையும் போயிடும். நம்ம வீட்ல ஒரு அரைகுறை போதும்ணா."

எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சோதனை மாணவனை அழிக்காமல் வெளியிட்டிருக்கிறோம். எங்கள் தொழிலில் அசடு வழிய வைக்கும் தவறு, அவ்வளவுதான். அழித்தேன். மறுநாள் திரும்பவும் இருந்தான். அவனை உருவாக்கும் நிரல் வரிகளையே நீக்கினேன். அப்போதும் இருந்தான். சாம்பல் தலைக்குக் காதுகள் முளைத்திருந்தன.

குழுத் தலைவரிடம் காட்டினேன்.

"யோவ், நீ வரைஞ்சதுதானே?"

"நான் காது வரையலை சார்."

"பின்னே நானா வரைஞ்சேன்? இங்க பாரு, வருகைப்பதிவுல இவன் ஒரு வகுப்புக்கும் மட்டம் போடலை. உன்னைவிட தேவலை."

"சார், அந்த வருகைப்பதிவு காலேஜ்லேர்ந்து வருது. வகுப்பு வாசல்ல விரல் வச்சாத்தான் ஏறும்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

தங்கச்சி வகுப்புக்கே போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"கடைசி பெஞ்சுல ஒருத்தன் எழுதிட்டே இருக்கான். கூப்பிட்டேன், திரும்பலை. பின்னாடியிருந்து பாத்தா உன் சப்பைத் தலைதான்."

"பயந்துட்டியா?"

"பயமெல்லாம் அப்புறம். எனக்கு சீட் வேணும்."

அழிக்க முடியாதவனை அனுப்ப ஒரு வழிதான் மிச்சம். மாணவர் தாமே அழுத்த வேண்டிய 'படிப்பை நிறுத்து' பொத்தான். அதை வடிவமைத்ததும் நான்தான். வெள்ளிக்கிழமை மதியம் டம்மியின் கணக்கில் நுழைந்தேன். நான் விட்ட இடத்திலிருந்து கடைசிப் பருவம் வரை பாடங்களைத் திட்டமிட்டு வைத்திருந்தான். படத்தில் இப்போது கண்களும் இருந்தன. என் கண்கள், ஆனால் தூங்கி எழுந்த தெளிவோடு.

பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது. 'விருப்பமில்லை' என்று எழுதினேன். நான் அன்று எழுதியதும் அதுதான். அடுத்த கேள்வி, 'இனி எங்கே செல்கிறீர்கள்?' அதை நிரப்பாமல் நகராதபடி நானே வைத்திருந்தேன். யோசிக்கச் சோம்பல். எங்கள் அலுவலக முகவரியைப் போட்டேன்.

சற்று நேரத்தில் தங்கச்சி போனில் கத்தினாள். "கிடைச்சிடுச்சுண்ணா! பெஞ்சு காலி! நீ தெய்வம், உன் ஆப்தான் குப்பை."

அவள் வைத்ததும் கீழ்த்தளத்திலிருந்து காவலாளி அழைத்தார்.

"சார், உங்க தம்பி வந்திருக்காரு, பையும் கையுமா. படிப்பை நிறுத்திட்டாராம். நீங்கதான் இங்க வரச் சொன்னீங்களாம்."

"எனக்குத் தம்பி கிடையாது. உள்ள விடாதீங்க."

"விளையாடாதீங்க சார், அச்சு அசல் நீங்கதான். நான் எங்க விட்டேன்? கதவுல அவரே விரலை வச்சாரு, திறந்துடுச்சு. மேல வந்துட்டிருக்காரு."