பிரேக் குழாயில் கட்டிய துணி

அந்தப் பட்டறையில் ஒரே சட்டம்தான். எந்த வேலை முடியவில்லையோ அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். ஒரு துணி மிச்சமிருந்தாலும் வண்டி வாசலைத் தாண்டாது, வண்டிக்காரன் தலைகீழாக நின்றாலும் சரி. சட்டம் போட்டவர் மெக்கானிக். பழைய திரைச்சீலையைக் கிழித்துத் துண்டுபோட்டுக் கொடுத்தவள் அவருடைய தங்கை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் கணவருக்கு ஒரு காரின் மேல் பைத்தியம். ஐரோப்பாவில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. எஞ்சின் செத்துவிட்டது, உதிரிபாகம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. விபத்தில் நசுங்கிய பெரிய கார் ஒன்றின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வாங்கிவந்து, "இதை இதுக்குள்ள போடு மச்சான்" என்றார்.

"பூனை வயித்துல புலிக்குட்டியா மாப்ள? விளங்கிடும்!" என்றார் மெக்கானிக். ஆனாலும் கை அரித்தது. எஞ்சின் தாங்கியை வெட்டி ஒட்டினார். கியர்பாக்ஸுக்குக் காரின் அடித்தரையைத் தட்டி இடம் செய்தார். எட்டு மாதம் ஓடியது. மாப்பிள்ளை வரும்போதெல்லாம், "இது காரா, துணிக்கொடியா?" என்று கிண்டலடிப்பார்.

கடைசியில் ஒரு துணிதான் பாக்கி. பழைய எஞ்சினுக்குப் புகைக்குழாய் இடப்பக்கம் மட்டும், புதியதற்கோ இரண்டு பக்கமும். வலப்பக்கக் குழாய் பிரேக் குழாயை உரசாத குறையாகப் போனது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால், மிதித்த பெடல் சும்மா உள்ளே போய்விடும். பிரேக் குழாயை வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் வேலை.

அதற்கு முன் ஒரு காலை எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்கத்தான் சாவியைத் திருப்பினார்கள். முதல் திருப்பிலேயே உறுமியது பாருங்கள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கையெல்லாம் கிரீஸ். மெக்கானிக் கைக்கு எட்டிய துணியை உருவித் துடைத்துப் பின்பாக்கெட்டில் செருகினார். பாழாய்ப்போன சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"துணி ஒண்ணும் இல்லையே மச்சான், ஒரு ரவுண்டு போய்ட்டு வரவா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். துணி இல்லை. பானெட்டை அவரே சாத்தினார்.

மலையிறக்கத்தின் நாலாவது வளைவில் கார் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு போனது. மிதமிஞ்சிய வேகம் என்று போலீஸ் எழுதிவிட்டது. பெரிய எஞ்சின் போட்டவன் பறக்காமல் என்ன செய்வான் என்று ஊர்வாயும் சொன்னது. பிணவறை வாசலில் பின்பாக்கெட்டைத் தொட்டபோதுதான் மெக்கானிக்குப் பிரேக் குழாய் நினைவுக்கு வந்தது. எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தங்கை பட்டறைக்கு வந்து கீழே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தாள்.

"அழுகையே வரல அண்ணே. ஆத்திரம்தான் வருது. மெதுவா போங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். என்னைவிட வேகம் பெருசாப் போச்சு அவருக்கு. போட்டோவைக்கூட திருப்பி வச்சுட்டேன். இனி எனக்கு நீ மட்டும்தான்."

வாயை மூடிக்கொண்டால் தங்கை மிஞ்சுவாள். செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. மெக்கானிக் அந்தத் துணியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"பிரேக் குழாயில கட்டியிருந்தது பாப்பா. வேலை முடியல. கை துடைக்க நான்தான் உருவினேன்."

தன் கை கிழித்த துணியை அவள் நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவர் வேகமாப் போகலையா?"

"இல்லம்மா. பிரேக் பிடிக்கல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. "தப்பா நெனச்சுட்டேனே, உங்களைத் தப்பா நெனச்சுட்டேனே" என்று இல்லாத கணவரிடம் கதறினாள். தலையைத் தொடப்போன மெக்கானிக்கின் கையைத் தட்டிவிட்டாள்.

அழுது ஓய்ந்ததும் துணியை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அவர் பேர்ல எழுதினதை அடிச்சுட்டு, உள்ளதை எழுதச் சொல்லணும். ஸ்டேஷனுக்குப் போறேன். பட்டறையைப் பூட்டிட்டு வா."

அண்ணே என்று அவள் சொல்லவில்லை. மெக்கானிக் பூட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.